மடுவில் முள் போட்டவர்

அந்தக் கோடையில் காவிரி வெறும் மணலாகக் கிடந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து மணலில் நடந்தே டவுனுக்குப் போய்வருவேன். பாலத்துக்குக் கீழே ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் மிச்சம். அதுவும் நாளுக்கு நாள் சுருங்கியது. ஆற்று மீன்களெல்லாம் அதற்குள் அடைந்து, விடியற்காலையில் மூச்சுக்காக மேலே வந்து வாய் திறக்கும். அந்த வாய்களைப் பார்த்தால் எனக்கே மூச்சு முட்டும். வலை வீசுகிறவர்களுக்கோ அதுதான் நேரம்.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். நெட்டையான ஆள், வெயிலில் வெளுத்த மீசை. அடிக்கடி தண்ணீரில் கால் வைத்துச் சூடு பார்ப்பார். பார்த்துவிட்டு முகம் சுளிப்பார். அவருடைய வீச்சுவலை கரையில் கிடக்க, கருவேல முள்ளை வெட்டி வெட்டி மடுவுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வலை கிழிஞ்சிடாதுங்களா?" என்றேன்.

"கிழியட்டும்னுதான் போடறேன். எல்லாம் சினைக் கெண்டைங்க. இதையும் வாரிட்டா, ஆடியில வெறும் தண்ணிதான் வரும்."

"மத்தவங்க வீசிடுவாங்கன்னு பயமா?"

"மத்தவங்களை அதட்டிடலாங்க. வீட்ல அடுப்பு எரியலை. என் கையைத்தான் நம்ப முடியலை."

மறு வாரம் முள்ளெல்லாம் கரையில் காய்ந்துகொண்டிருந்தது. மடு கலங்கியிருந்தது, வாய் திறக்க ஒரு மீனும் மேலே வரவில்லை.

ஆடியில் வெள்ளம் வந்தபோது படித்துறைக் கூட்டத்தில் அவரைக் கண்டேன். கை நெடுகக் கீறல் தழும்பு. முள்ளைப் போட்டபோது பட்டதா, எடுத்தபோது பட்டதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் புதுத் தண்ணீரில் கால் வைத்து, வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.