கணக்குப் பீரியடில் கர்பா

ரசீலாபென் பிரஜாபதி கணக்கு டீச்சர். படானில் பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு எடுத்தார். குயவர் வீட்டுப் பெண். பேச்சில் நயம் கிடையாது, பொய்யும் கிடையாது. பழம்பெருமை பேசுகிறேன் என்று எவராவது மேடையில் புராண விமானம் ஓட்டினால் எழுந்து வெளியே போய்விடுவார். "இருக்கறதச் சொல்லவே ஆயுசு பத்தல. இல்லாதத எதுக்குய்யா ஓட்டுறீங்க?" என்பார்.

இருப்பதைச் சொல்லப் போய்த்தான் மாட்டிக்கொண்டார்.

தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் எங்கள் படானில் ஹேமசந்திரர் என்ற சமணத் துறவி இருந்தார். ஊரில் பாதிப் பலகைகளில் அவர் பேர்தான். என்ன சொன்னார் என்று கேட்டால் அப்போது எவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரசீலாபென் தேடிப் படித்தார். செய்யுளில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஐந்து மாத்திரை அடியைக் குறிலும் நெடிலுமாக எத்தனை விதமாக நிரப்பலாம்? ஆறு மாத்திரையை? இதற்கு ஹேமசந்திரர் விதியே சொல்லியிருக்கிறார். அந்த எண்வரிசையைத்தான் இன்று உலகம் ஓர் ஐரோப்பியர் பேரில் படிக்கிறது.

எங்கள் பாடப்புத்தகத்தில் அது இல்லை. ரசீலாபென் கைதட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஒரு தட்டு குறில். தட்டிவிட்டு, இன்னொரு தட்டு நேரம் கையை விரித்தால் நெடில். படான் பெண்பிள்ளைகள் வட்டமாக நின்று தட்டினால் கால் சும்மா இருக்குமா? சுற்றியது. வட்டமாகச் சுற்றிக் கைதட்டிக் கர்பா ஆடுகிற நவராத்திரி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் மஃபத்பாய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கணக்குப் பீரியடில் கர்பா ஒத்திகை என்று மேலே புகார் போனது. எங்கள் ஊரில் எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ரண் பாலை ஓரத்துப் பள்ளிக்கு மாற்றல் என்றார்கள். ரசீலாபென்னின் கணவர் குஷால்பாய்க்கு இங்கே டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அங்கே அதற்கு வழியில்லை. தனியே விட்டுப் போகவும் ஆளில்லை.

நான் அப்போது ஆசிரியர் சங்கத்தில் இருந்தேன். நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஊர்வலம் வச்சிருவோம் ரசீலாபென். நோட்டீஸ் அடிச்சாச்சு."

"அத மடிச்சுத் தலைக்கு வச்சுப் படுங்க, திரிகம்பாய். கத்தினா வேலை மிஞ்சும், பாடம் போயிரும். அந்தக் கல்வி அதிகாரி தவே சாஹேப வகுப்புக்குக் கூட்டிட்டு வாங்க. போதும்."

கூட்டி வந்தேன். மஃபத்பாயும் பின்னாலேயே வந்து நின்றார். தவே சாஹேப் நாற்காலியில் சாய்ந்தார். "ம், ஆடுங்க பார்க்கலாம்."

"அஞ்சு மாத்திரை, சாஹேப். எத்தனை விதமாத் தட்டலாம்?" என்றார் ரசீலாபென்.

சாஹேபும் வருடம் தவறாமல் கர்பா ஆடுகிற ஆள்தான். மேஜையில் தட்டத் தொடங்கிவிட்டார். "எட்டு." திரும்பவும் தட்டினார். "எட்டேதான்."

"ஆறுக்கு?"

திரும்ப மேஜை. முதல் பெஞ்சில் ஹேதல் என்ற பெண் சிரித்துவிட்டாள். "மேஜை பாவம், சாஹேப். பதிமூணு."

"எப்பிடிம்மா?"

"கடைசித் தட்டு குறில்னா முன்னாடி அஞ்சு மாத்திரை. அதுக்கு எட்டு விதம். கடைசி நெடில்னா முன்னாடி நாலு. அதுக்கு அஞ்சு விதம். கூட்டுங்க. எவ்ளோ பெரிசுக்கும் இப்பிடித்தான்."

தவே சாஹேப் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத நம்ம ஹேமசந்திரரா முதல்ல சொன்னாரு?"

"முதல்ல இல்ல. அவருக்கும் முன்னாடி விரஹாங்கர்னு ஒருத்தர் சொல்லிட்டார். நம்மாளு தெளிவாச் சொன்னார். இல்லாததக் கூட்டிச் சொன்னா அவருக்குத்தான் கேவலம்," என்றார் ரசீலாபென்.

"மஃபத்பாய், இதையா கர்பான்னு எழுதினீங்க?"

"கால் ஆடிச்சே, சாஹேப்!"

"ஆடும்யா. மேஜைக்கடியில எனக்கும்தான் ஆடிச்சு."

மாற்றல் அங்கேயே ரத்தானது. அடுத்த வருடம் மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ரசீலாபென் அதே பாடத்தை எடுத்தார். வெறும் பலகையாக நின்ற பேருக்கு அர்த்தம் கொடுத்தவர் அவர். இந்த ஊர் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. முதல் ஆள் நான்.

மாற்றல் ரத்தான அன்று சாயங்காலம் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குஷால்பாய் படுக்கையிலிருந்தே என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னைக் கும்பிடாதீங்க," என்றேன். "நான் ஒண்ணும் கிழிக்கல. உங்க வீட்டம்மா ஒரு வகுப்பு எடுத்தாங்க, அவ்வளவுதான்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப நீ போகலியா?"

"எங்க போறது? நகந்து படுங்க, போர்வை கீழ கிடக்கு."