பூவம்பயம்

ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு சலாம் போடக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த சமுதாயக் கூடத்தைப் பெருக்கி, சாவி வைத்துக்கொள்ளும் வேலை அப்போது எனக்கு. சென்னையிலிருந்து ரயிலேறி ஒரு பெண் வருவாள். பேன்ட் போட்ட பெண். பிள்ளைகள் அவளை அக்கா என்பார்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறதுகள் ஒரு பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்து மேசையைத் தட்டும், வாயாலேயே டப்பு டிப்பு என்று மேளம் கொட்டும்.

"சலாம் இல்ல ஆயா, ஸ்லாம்" என்று ஒரு பையன் திருத்தினான். "மேடையில நின்னு சொல்ற கவித. பாட்டு மாதிரி இருக்கும், ஆனா பாட்டு இல்ல. பேச்சு மாதிரி இருக்கும், ஆனா பேச்சு இல்ல."

எனக்கு அதற்குமேல் கேட்க வெட்கம். வாசல் படியில், கதவுக்குப் பின்னால் விளக்குமாற்றோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த அக்காவின் சட்டங்கள் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டன. மூன்று நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். காகிதம் பார்க்கக் கூடாது. ராகம் இழுக்கக் கூடாது, தாளம் விடக் கூடாது. ஊரில் பேசுகிற மாதிரியே பேசலாம்.

அந்தக் கூட்டத்தில் ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி. அவளுடைய அப்பாவுக்கு இரும்புக் கம்பெனியில் வேலை. ஆயுத பூஜை அன்று கம்பெனியில் கொடுக்கிற பொரி, பழப் பொட்டலத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவதைப் பற்றி எழுதியிருந்தாள். எழுந்து நின்று, "அப்பா கையில பொரி, அப்பா கையில பயம்" என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். மேசை தட்டிக்கொண்டிருந்த பையன் நிறுத்திவிட்டான்.

"இன்னாமே, பயத்த உரிச்சித் துன்னுட்டியா?"

கூடமே சிரித்தது. அக்கா அதட்டினாள். ஆனால் அந்தப் பெண் வெளியே வந்து என் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரத்தில் திருவள்ளூரில் போட்டி. காக்களூர்த் தொழிற்பேட்டைப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவளுடைய அப்பா கெஞ்ச வைத்துத்தான் அந்த ஒரு முறைக்குச் சரி சொல்லியிருந்தார். "என் பேர அடிச்சிடச் சொல்றேன் ஆயா. நான் வாயத் தொறந்தாலே சிரிக்கிறாங்க" என்றாள்.

எனக்குத் தெரிந்த ஒன்றை அவளுக்குச் சொன்னேன்.

நான் ஐந்தாவது படிக்கும்போது தெற்கத்திப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். படத்தைக் காட்டி இது என்ன என்றார். நான் "வாயப்பயம்" என்றேன். அவர் என்னை முன்னால் நிற்க வைத்து, "பழம், பழம்" என்று நாக்கை மடித்துக் காட்டினார். எனக்கு வரவில்லை. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அத்தனை பேரும் அவரவர் வீட்டில் பயம் தின்கிறவர்கள்தான். சாயங்காலத்துக்குள் எப்படியோ எனக்கு ழ வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் போய்ச் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

எங்கள் அம்மா ஸ்டேஷனில் வாழைப்பழம் விற்பாள். பாசஞ்சர் வந்து நின்றதும் கூடையைத் தூக்கிக்கொண்டு, "பூவம்பயம்... மொந்தம்பயம்..." என்று கூவிக்கொண்டே ஓடுவாள். கடைசிப் பெட்டியில் தூங்குகிறவன்கூட எழுந்து பார்ப்பான். அன்று வீட்டுக்கு வந்ததும் நான் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயம்னு சொல்லாதம்மா, சிரிப்பாங்க. பழம்னு சொல்லு."

அம்மா சொல்லிப் பார்த்தாள். பயம், பளம், பலம் என்று என்னென்னவோ வந்தது. வகுப்பு சிரித்த மாதிரியே நானும் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள்.

இதைச் சொல்லும்போதே அந்தப் பெண் நிமிர்ந்துவிட்டாள். "எப்டிக் கூவுவாங்க? கூவிக் காட்டு ஆயா" என்றாள். சுற்றிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்றதும் மெதுவாகக் கூவிக் காட்டினேன். திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, மறுநாள்லேர்ந்து அம்மாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சி. கூடைய வெச்சிக்கினு சும்மா நிப்பாங்க. ரயில் வந்தா ஒரு சீப்பக் கையில தூக்கிக் காட்டுவாங்க. விக்காத பயமெல்லாம் வீட்டுக்கு வந்துரும். எங்களுக்குக் கொண்டாட்டம். கறுத்துப்போனதெல்லாம் நாங்கதான் துன்னுவோம்."

அவள் படியை விட்டு எழுந்தாள். பிறகு, "இத நான் சொல்லட்டா ஆயா?" என்று கேட்டாள்.

"சொல்லு. என் பேர மட்டும் சொல்லாத."

திருவள்ளூருக்கு என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தேன். காக்களூர்ப் பிள்ளைகள் கையை ஆட்டி ஆட்டி வெளுத்து வாங்கினார்கள். பிறகு எங்கள் பெண் ஏறினாள். பயம் துன்னுட்டியா என்று கேட்ட பையன்தான் அவளுக்கு மேசை தட்டினான்.

அவளுடைய வீட்டுப் பொரியில் ஆரம்பித்து, எங்கள் வீட்டுக் கூடைக்கு வந்தாள். பயம் என்று அழுத்தியே சொன்னாள். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் நிற்கவில்லை. "பூவம்பயம்" என்று கூவினாள். மேசை பதில் சொன்னது. இரண்டாம் முறை கூவினாள். மூன்றாம் முறை கூடமே சேர்ந்து கூவியது.

நாலாம் முறை வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூடிக்கொண்டாள். மறந்துவிட்டாள், போச்சு என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவளோ நிதானமாக வலது கையை மேலே தூக்கி, ஒரு சீப்பைக் காட்டுகிறவள் போல அப்படியே நின்றாள். பையன் மேசை மேல் கையை வைத்தபடி தட்டாமல் இருந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. அதோடு இறங்கிவிட்டாள்.

எத்தனையாவது பரிசு என்றெல்லாம் எனக்கு நினைவில்லை. வேனில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து அவள் முறுக்கு தின்றுகொண்டு வந்தாள். எங்கள் அம்மாவுக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை என்பது அவளுக்குப் பதினாலு வயதில் தெரிந்திருந்தது. எனக்குப் பத்து வயதில் தெரியவில்லை. பழம் இனிப்பாக இருந்தது.