பைய என்றால் பை அல்ல

அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்கிக்கொண்டு வாயால் சிரிப்பதுதான் கஸ்டமர் சப்போர்ட் வேலை. ஹெட்செட் மாட்டிப் பிழைக்கும் என் இனமே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் தூத்துக்குடிக்காரி. பெங்களூர் கம்பெனி ஒன்றில் ஆறு மாதத் தகுதிகாண் வேலை கிடைத்தது. துறைமுக யார்டுக்குள் கண்டெய்னர் லாரிகள் நுழைய முன்கூட்டியே நேரம் ஒதுக்கித் தரும் ஆப் எங்களுடையது. போனில் வருகிறவர்கள் முக்கால்வாசி என் ஊர் லாரிக்காரர்கள். பெங்களூர்ச் சம்பளம், சொந்த ஊர்ப் பேச்சு! முதல் நாள் கால் தரையில் பாவவில்லை.

அட்வான்ஸ்

அறைக்குப் பத்து மாத வாடகை முன்பணம் கேட்டார்கள். கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல். ஆனாலும் என் பெயருக்கு ஒரு சாவி! ஆறு மாதத்தில் வேலை நிரந்தரமாகாவிட்டால் அந்தச் சாவியும் போச்சு, பெங்களூரும் போச்சு. அதையெல்லாம் அன்று யார் நினைத்தார்கள்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பாவுக்குத் துள்ளிக்கொண்டே போன் போட்டேன். தொகையைச் சொன்னேன். அப்பா கேட்டார்: “ஏளா, வாடகைக்குக் கேட்டியா, வெலைக்குக் கேட்டியா?”

சார்

மேனேஜர் ஹரிணி சென்னைக்காரர். நல்லவர், ஆனால் விதி என்றால் கறார். எல்லோரையும் ‘சார்’ என்றுதான் அழைக்க வேண்டும். ஊர்ப் பேச்சு எட்டிப் பார்த்தால் மதிப்பெண் குறையும். நாலு லாரி வைத்திருக்கும் செல்வராஜ் அண்ணாச்சி கூப்பிட்டார். “சொல்லுங்க சார்” என்றேன், தேன் ஒழுக. மறுமுனை திடுக்கிட்டது. “சாரா? நம்மள யாரும் சாருன்னு கூப்பிட மாட்டாவளே. ராங் நம்பர் போல, வச்சிருதேன்!”

இம்போர்ட்டட்

பதறிப்போய்த் திரும்ப அழைத்து, “அண்ணாச்சி, இது நம்ம ஆப்தான்” என்று நான் ஆரம்பித்தது பதிவாகிவிட்டது. மதிப்பெண் விழுந்தது. என்னை மின்னஞ்சல் பக்கம் தள்ளிவிட்டு, போனைக் கேட்டுப் புகார் எழுத ஒரு ஏஐயைக் கொண்டுவந்தார்கள். போன் எடுக்காதவளை யார் நிரந்தரமாக்குவார்கள்?

என்னைத் தேற்ற ஹரிணி ஒரு சனிக்கிழமை காபிக் கடைக்கு அழைத்துப் போனார். மெனுவில் எங்கள் ஊர்ப் பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக் காபி! விலையைப் பார்த்ததும் மெனுவை மூடிவிட்டேன். எங்கள் வீட்டில் அந்தக் கருப்பட்டி பழைய டப்பாவில் எறும்போடு கிடக்கும். ஹரிணி ரசித்துக் குடித்துவிட்டுச் சொன்னார்: “உடன்குடி எந்த நாடோ தெரியலை, ஆனா இம்போர்ட்டட்னா இம்போர்ட்டட்தான்!”

காணாமல் போன பைகள்

ஐந்தாம் மாதம் தூத்துக்குடியிலிருந்து புகார்கள் கொட்டின. ஏஐ எழுதியதெல்லாம் ஒரே வரி: ‘பை போகிறது.’ லாரிகளில் பை திருட்டு என்று முடிவுகட்டி அவசரக் கூட்டம் போட்டார்கள். லாரிக்காரர்களோ வேறு ஆப்புக்கு மாறப்போவதாகச் செய்தி. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு போன் பதிவைப் போடுங்கள் என்று கெஞ்சினேன். செல்வராஜ் அண்ணாச்சியின் குரல் கணீரென்று வந்தது: “லாரி கேட்டுல நிக்கி, ஒங்க ஆப்பு பைய போவுது!”

நாற்காலியிலிருந்து குதித்தேன். “மேடம், பை இல்ல! எங்க ஊர்ல ‘பைய’ன்னா மெதுவா! ஆப் ஸ்லோவா இருக்கு!” அறையே சிரிப்பில் அதிர்ந்தது. எஞ்சினியர்கள் ஓடிப்போய்ச் சாயங்காலத்துக்குள் கோளாறைப் பிடித்துவிட்டார்கள். ஹரிணி மட்டும் தலையில் கைவைத்தார்: “ஐயோ, திருடனைப் பிடிக்கக் கேமரா வைக்கச் சொல்லி யார்டுக்குக் காலையிலேயே லெட்டர் அனுப்பிட்டேனே!”

வெரசா

மன்னிப்புக் கேட்க ஹரிணியும் நானும் தூத்துக்குடிக்கே போனோம். துறைமுகச் சாலையில், உப்பளத்தை ஒட்டி லாரிகள் வரிசையாக நின்றன. செல்வராஜ் அண்ணாச்சி ஆப்பைத் தட்டினார். தட்டிய விரலை எடுக்குமுன் யார்டுக்குள் நுழைய நேரம் கிடைத்தது. எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. அத்தனை பேர் முன்னாலும் ஹரிணி அறிவித்தார்: என் வேலை நிரந்தரம், இனித் தூத்துக்குடி போன்கள் எல்லாம் எனக்கே! சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

அடுத்து ஹரிணி அண்ணாச்சியிடம் திரும்பி, “ஸாரி சா... அண்ணாச்சி!” என்று தொடங்கி, சென்னை வேகத்தில் மன்னிப்பைப் படபடவென்று பொழிந்தார். அண்ணாச்சி கையமர்த்தினார்: “ஆப்பு இப்ப வெரசாப் போவுது, நீங்க பைய பேசுங்கம்மா!”

பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்த ஊரில் என்னைத் தங்கவைத்தது, சொந்த ஊரில் சும்மா கிடைத்த இரண்டெழுத்து.