மறக்க ஒன்றும் இல்லாத இன்ஜின்

என் அண்ணிக்கு விமானத்தில் ஏறினாலே குமட்டும். விமானப் பயிற்சிப் பள்ளியில் பதினெட்டு வருடமாக இன்ஜின் மெக்கானிக் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனாலும் அவர் பிரித்துப் பூட்டிய இன்ஜின் முதல் தடவை மேலே போகும்போது, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். அதே பள்ளியில் நான் பயிற்சி ஆசிரியை.

"எதுக்கு அண்ணி இந்த அவஸ்தை? கீழயே நின்னு கையாட்டுங்களேன்" என்பேன்.

"நான் பூட்டின இன்ஜின நம்பி நீ மட்டும் தனியா போவியா? நல்லா இருக்கே கதை!" என்பார். பத்து நிமிடத்தில் பைக்கு வேலை வந்துவிடும்.

அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு வரும்வரை அண்ணி தன் அப்பா கடையில் தண்ணீர் பம்பு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த மறுவாரமே எங்கள் வீட்டுப் பம்பைப் பிரித்துப் பரப்பிவிட்டார். மூன்று நாள் குடும்பமே பக்கத்து வீட்டில் போய்க் குளித்தோம். நான் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்தேன். அந்தப் பம்பு இன்றுவரை மக்கர் பண்ணவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். பிறகு படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி என் பள்ளிக்கே வந்து சேர்ந்தார். ஆயில் மாற்றும்போதெல்லாம் பழைய ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் மடிப்பு மடிப்பாக விரித்து, உலோகத் தூள் இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்ப்பார். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் எரித்துவிடுவது போலப் பார்ப்பார்.

நாலு வருடத்துக்கு முன் என் விமானம் நடுவானத்தில் அடங்கிப்போனது. ஈரமான காலை. ஓட்டிக்கொண்டிருந்த மாணவி இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்தாள். இன்ஜின் இருமியது, அப்புறம் நின்றேவிட்டது. அறுவடை முடிந்த ஒரு வயலில் எப்படியோ இறக்கினேன். முன் சக்கரம் உடைந்தது. எனக்கும் மாணவிக்கும் கீறல்கூட இல்லை.

அண்ணி மூன்று நாள் அந்த இன்ஜினைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. தன் கையில்தான் ஏதோ தப்பு என்று சோறு தண்ணி இல்லாமல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள்தான் எனக்கு வாயைத் திறக்கத் தைரியம் வந்தது.

"அண்ணி, அந்தச் சூட்டு லீவர... நாங்க இழுக்கலேன்னு நினைக்கிறேன்."

ஈரக் காற்றில் கார்புரேட்டருக்குள் பனி கட்டி இன்ஜினை அடைத்துவிடும். அதற்காகச் சூடான காற்றை உள்ளே விட ஒரு லீவர் உண்டு. மாணவி மறந்தாள், சொல்லித்தர வேண்டிய நானும் மறந்தேன். ஆட்கள் வந்து பார்ப்பதற்குள் பனி உருகி, தடயமே இல்லாமல் போய்விட்டது. அண்ணி திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

இந்த வருடம் எங்கள் மூன்று விமானங்களின் இன்ஜின்களுக்கும் ஆயுள் முடிந்தது. இத்தனை காலம் ஒரே கம்பெனி இன்ஜின்தான்; வேறு வழியே இல்லை. இப்போது போட்டிக்கு இன்னொன்று வந்திருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசமில்லை. பழையதையே புதிதாக வாங்குவதா, புது ரகத்துக்கு மாறுவதா என்று எழுதித் தரும் பொறுப்பை முதலாளி அண்ணியிடம் விட்டார். கூடவே ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"புதுசு வந்தா பிரிக்கிற வேலையெல்லாம் ஃபேக்டரிக்குப் போயிடும்மா. இங்க உங்களுக்கு அரை நாள் வேலைதான் இருக்கும்."

அண்ணி புது இன்ஜின் ஓடும் வேறொரு பள்ளிக்குப் போய் ஒரு வாரம் இருந்து பார்த்தார். திரும்பி வந்ததிலிருந்து ஒரே குறைதான். அந்தக் குழாய் ஏன் அப்படி வளைகிறது, கம்ப்யூட்டர் கெட்டால் யாரைக் கேட்பது என்று அண்ணனின் காதைத் துளைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. என் நாக்குக்குத்தான் பிரேக் கிடையாதே!

"உங்க வேலை போயிடும்னுதானே அண்ணி, இத்தனை நொட்டை?"

அண்ணன் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். அண்ணி எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

மறுநாள் முதலாளி அண்ணி எழுதிய அறிக்கையை, ஓட்டுபவள் என்ற முறையில் என் கையெழுத்துக்காக நீட்டினார். இரண்டு பக்கம் முழுக்கப் புது இன்ஜினின் குறைகள். கடைசிப் பத்தி இது: "பழைய இன்ஜினை என்னால் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும். ஆனால் மேலே இருப்பவர் சூட்டு லீவரை மறந்தால் கீழே இருக்கும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. புதியதில் கார்புரேட்டரும் இல்லை, அந்த லீவரும் இல்லை. மறக்க ஒன்றும் இல்லாத இன்ஜின். அதையே வாங்கவும்."

கையெழுத்துப் போட்டேன். பட்டறைக்கு ஓடினேன். மன்னிப்பு, நன்றி எல்லாம் ஒன்றாகக் கலந்து உளறினேன்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே அண்ணி!"

"சாப்பிடுறப்ப சண்ட போட்டா செரிக்காதுடி" என்றார், ஃபில்டர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

புது இன்ஜினைக் கம்பெனி ஆட்களே வந்து பூட்டினார்கள். அண்ணிக்கு இப்போது மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடுகிறது. முதல் தடவை மேலே போகிற அன்று, வேலை முடிந்த பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. பையோடு வந்து கதவைத் திறந்தார்.

"இது நீங்க பூட்டினது இல்லையே?"

"வாங்கச் சொன்னது நான்தானே? பேசாம ஓட்டு."

மேலே ஈரக் காற்று. அண்ணி பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். இறங்க வேகத்தைக் குறைத்ததும் என் கை தானாகவே சூட்டு லீவரைத் தேடிப் போனது. லீவர் இருந்த ஓட்டையைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். என் விரல் அந்தத் தகட்டைத் தடவியது.

அண்ணி முகத்தைத் தூக்கி என் கையைப் பார்த்தார்.

"அங்க ஒண்ணும் இல்லடி" என்றார். "நீ பாட்டுக்கு எறக்கு."