ராபின்சன் விசாரித்த இடி தெய்வங்கள்

ராபின்சன் மாமா யாரையும் முதல் பார்வையில் நம்பியதில்லை. மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினால் இவர் வயிற்றை அழுத்திப் பார்ப்பார். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் காரக்கோணத்தில் ஒரு கடையிலும் அமரவிளையில் இன்னொரு கடையிலும் காட்டுவார். இரண்டு பேரும் ஒரே மாதிரி விளக்கம் சொன்ன பிறகுதான் விழுங்குவார். சர்ச்சின் சபைக் கமிட்டியில் பதினாறு வருடமாக இருக்கிறார். அங்கே அவர் அதிகம் சொன்ன வாக்கியம், "அது இருக்கட்டு, ஆரு பாத்தது?" என்பதுதான்.

குளத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. மின்சார அலுவலகத்தில் லைன்மேனாக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பத்தின் உச்சியில் நின்று அத்தனை வருடம் மழையைப் பார்த்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட வேலை பார்த்த சோமன்தான் ஒரு மத்தியானம் சொந்த விளையில், மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில், இடி விழுந்து செத்துப்போனார். கம்பத்தில் அல்ல, தரையில், கையில் ஒரு குடையோடு.

ஏன் சோமன் என்று ராபின்சன் மாமா கேட்டார். சபைப் போதகரான ஐயர் தேவசித்தம் என்றார். சோமன் வீட்டில் ஜாதகம் என்றார்கள். அலுவலகத்தில் மேகம், மின்னழுத்தம், ஈர மண் என்றார்கள். மூன்றையும் அவர் நம்பவில்லை. ஒரு நீள நோட்டு வாங்கி, உலகத்தில் இடிக்குப் பொறுப்பென்று சொல்லப்படும் எல்லோரையும் எழுத ஆரம்பித்தார். இடப்பக்கம் மலையாளம், வலப்பக்கம் தமிழ். பெயர், நாடு, ஆயுதம், வாகனம், யாரை அடிப்பான், ஏன் அடிப்பான் என்று ஆறு கட்டங்கள். ஏழாவது கட்டத்துக்குத் தலைப்பில்லை. அவருடைய சந்தேகங்கள் அதில் இருந்தன. ஏதாவது வார்த்தை புரியாவிட்டால் என்னிடம் கேட்க வருவார். நான் சொன்னதையும் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்ப்பார்.

கிரேக்கரின் ஸீயஸைப் பற்றி ஏழாவது கட்டத்தில் இப்படி இருந்தது: "சொந்த வீட்டில் பொய் சொல்கிறவன். இவன் தீர்ப்பு எப்படிச் சரியாகும்?" ஜப்பானின் ரைஜின் முதுகைச் சுற்றி முரசுகளோடு வந்து குழந்தைகளின் தொப்புளைப் பறிப்பவன். "பறித்ததை என்ன செய்கிறான் என்று ஒருவரும் எழுதவில்லை." வடநாட்டுத் தோர் தன் வண்டி இழுக்கும் ஆடுகளைக் கொன்று தின்று, எலும்பைத் தோலில் போட்டு மறுநாள் உயிரோடு எழுப்புவான். ஒருமுறை ஒரு ஆடு நொண்டி எழும்பியதும், எலும்பை உடைத்தது யார் என்று கேட்டான். "விசாரித்தான். கொள்ளாம், பரவாயில்லை." இந்திரனுக்கு நேராக எழுதியிருந்தது: "இடி இடித்தால் அர்ஜுனனின் பத்துப் பெயரையும் சொல்ல வேண்டும். மகன் பெயர் கேட்டால் அப்பன் அடிக்கமாட்டான் என்கிறார்கள். சோமனுக்குப் பத்தும் தெரியும்."

ஒரே ஒருவனுக்கு நேராக ஏழாவது கட்டம் காலியாக இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் கும்பிடும் ஷாங்கோ. இரட்டைக் கோடரிக்காரன். கள்ளனையும் பொய் சொல்பவனையும் தேடிப் பிடித்து அடிப்பான். இடி விழுந்த வீட்டுக்கு அவனுடைய பூசாரிகள் வந்து மண்ணைத் தோண்டி இடிக்கல்லைத் தேடுவார்கள். வீட்டுக்காரன் குற்றவாளி, அவன்தான் பரிகாரம் செய்ய வேண்டும். ராபின்சன் மாமாவுக்கு இது பிடித்திருந்தது.

இந்த வருடம் ஐப்பசியில் துலாம் மழை தொடங்கிய நேரத்தில் ரத்னபாய் மாமியின் மகள் ஜெஸ்மிக்குக் கல்யாணம். முந்தின நாள் அடுக்களை அலமாரியில் மாமி கழற்றி வைத்த ஒரு தங்க வளையலைக் காணவில்லை. அடுக்களையில் காய் வெட்டியவர்களில் சௌதாமினியும் ஒருத்தி. ராபின்சன் மாமாவின் விளைக்குக் கீழே தனியாக இருப்பவள், கணவனில்லாதவள், மூன்று வீடுகளில் சமையல் செய்து பிழைப்பவள். அந்த மூன்றில் ஒன்று ரத்னபாய் மாமியின் வீடு.

மாமி குற்றம் சொல்லவில்லை. "எங்கயாவது கண்டியா சௌதாமினி?" என்று மட்டும் கேட்டார். கல்யாணம் முடிந்த பின் மறுபடி கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது சௌதாமினி கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு, தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துவிட்டு முற்றத்தில் இறங்கினாள்.

"நான் எடுத்திருந்தேன்னா எனக்க தலையில இடி விழட்டு. எனக்க வீட்டுல விழட்டு. எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

இடிவெட்டிப்போவான் என்று எங்கள் பக்கம் பிள்ளைகளைக்கூடத் திட்டுவார்கள். யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. முற்றத்தில் இறங்கி, மூடாத தலையோடு, தன்மேல் தானே சொல்லிக்கொள்வது வேறு. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கக்கூடாது. பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெஜியின் சாயாக்கடையில் அது மட்டும்தான் பேச்சு.

"மாமா, உங்க லிஸ்டுல கள்ளனப் பிடிக்கிற ஆளு உண்டா?" என்று ரெஜி கேட்டான்.

"உண்டு. ஷாங்கோ. அவன் ஒருத்தன்தான் ஒழுங்கான ஆளு."

"எப்பிடிப் பிடிப்பான்?"

"எலே, பிடிக்க என்ன இருக்கு? எந்த வீட்டுல இடி விழுதோ, அந்த வீட்டுக்காரன் கள்ளன். அங்க கோர்ட்டும் இல்ல, வக்கீலும் இல்ல."

"ஆப்பிரிக்காவுலேந்து குளத்தூருக்கு வர ரெண்டு பஸ் மாறணுமே மாமா!"

எல்லோரும் சிரித்தார்கள். ராபின்சன் மாமாவும் சிரித்தார். பேச்சு எடுபட்டதில் அவருக்குச் சந்தோஷம்.

மறுநாள் மத்தியானம் மூன்றரை மணிக்கு சௌதாமினியின் தென்னையில் இடி விழுந்தது.

மரத்தின் கொண்டை கருகியது. அடுக்களைச் சுவர் மேலிருந்து கீழாகப் பிளந்தது. சுவிட்சுப் பெட்டி தெறித்து எதிர்ச் சுவரில் மோதி விழுந்தது. கூட்டிலிருந்த நான்கு கோழிகளும் செத்தன. சௌதாமினி முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்ததால் பிழைத்தாள். காது மட்டும் கொஞ்ச நேரம் அடைத்திருந்தது.

வந்தவர்களில் ஒருவர்கூட அவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. பிளந்த சுவரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ரெஜி மண்வெட்டியோடு தென்னையின் அடியைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

"அங்க என்னடே செய்யிய?" என்றார் ராபின்சன் மாமா.

"சும்மா மாமா. வேரு வெந்திருக்கான்னு பாக்கத்தான்." ஒரு முழம் ஆழத்தில் அவன் தேடியது வேரை அல்ல, வளையலை.

அன்று சாயங்காலமே வார்டு வாட்ஸ்அப் குழுவில் அவன் குரல் வந்தது: "ராபின்சன் மாமன் சொன்னது அப்பிடியே நடந்தாச்சு கேட்டியளா!" சமையல் வேலைக்கு இனி வர வேண்டாம் என்று மூன்று வீட்டுக்காரர்களும் அடுத்தடுத்து சௌதாமினிக்கு ஃபோன் செய்தார்கள். ஒருவர் பிள்ளைக்குப் பரீட்சை என்றார். ஒருவர் காரணமே சொல்லவில்லை.

ராபின்சன் மாமா அந்தக் குரலை நான்கு முறை கேட்டார். தன் பெயர் வந்த இடத்தில் அவருக்கு உறுத்தியது. தான் நோட்டில் எழுதி வைத்ததுபோலவே ஊர் வந்து மண்ணைத் தோண்டியதும் உறுத்தியது. எல்லாம் அளவெடுத்ததுபோல் பொருந்தியிருந்தது. அப்படிப் பொருந்துகிற எதையும் அவர் நம்பியதில்லை.

மறுநாள் காலையில் டெஸ்டரும் பிளையரும் எடுத்துக்கொண்டு கீழே போனார்.

"நீங்களும் வளையலு தேட வந்தியளா அண்ணா?" என்றாள் சௌதாமினி. வாசற்படியில் நின்று வழிவிடாமல்தான் கேட்டாள்.

"இல்ல மக்கா. கரண்டு எந்த வழியா உள்ள வந்துதுன்னு பாக்கணும்."

"எனக்க பாவம் வழியா வந்துதுன்னு ஊரு சொல்லுதே. ஆப்பிரிக்காவுல அப்பிடியாக்கும்னு நீங்கதானே சொன்னிய?"

அவர் மரத்திலிருந்து கருகல் தடத்தைப் பின்தொடர்ந்தார். கொண்டையிலிருந்து தடி வழியாக ஆள் உயரம் வரை. அங்கே துணி காயப்போடும் கம்பி கட்டியிருந்தது. கம்பியின் மறுமுனை அடுக்களை ஜன்னலின் இரும்பு அழியில். அழியை ஒட்டி சுவிட்சுப் பெட்டி. சோமனைப் பற்றி அவருக்குத் தெரியாததெல்லாம் இங்கே வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. இடி மரத்தில் விழுந்தது. கம்பி அதை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான்.

கம்பியைப் பிளையரால் பிடித்து முனையைப் பிரித்தார். ஏழு இழை. கடையில் விற்கிற கொடிக்கம்பி அல்ல, மின்கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டுகிற ஸ்டே கம்பி.

"இது உனக்கு எங்கேந்து கிட்டிச்சு?" என்று கேட்கும்போதே பதில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க தந்ததுதானே அண்ணா. எனக்க கயிறு அறுந்து துணியெல்லாம் சேத்துல விழுந்தப்ப, பதினோரு வருஷம் ஆச்சு. நீங்கதான் வந்து கெட்டியும் தந்திய."

அலுவலகக் கிடங்கிலிருந்து மிச்சக் கம்பியைக் கேட்காமல் எடுத்து வந்தது அவருக்கு நினைவு வந்தது. அன்று ஒரு சுருளே எடுத்திருந்தார். மீதி அவர் வீட்டுப் பந்தலிலும் கோழிக்கூட்டிலும் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி லீலாபாயிடம் சொன்னார்.

"கம்பியாலதான்னு சொன்னாப் போதாதா?" என்றார் லீலாபாய் மாமி.

"எல்லா வீட்டுலயும் கொடிக்கம்பி உண்டு. அங்க ஏன் இப்பிடி ஆகல்லன்னு ஊருல கேப்பினும். இது என்ன கம்பின்னு சொல்லணும். சொன்னா, எங்கேந்துன்னு கேப்பினும்."

"கமிட்டியில ஜித்தின ஒரு மைக்குக்காக இறக்கிவிட்டது நீங்க. அது மறந்துபோச்சா?" என்றார் மாமி. ஜித்தின் சபைக் கோயில் மைக்கைத் தன் வீட்டு விசேஷத்துக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தவன். ஆரு பாத்தது என்று கேட்டுக் கேட்டு அவனைக் கமிட்டியிலிருந்து விலக்கியது ராபின்சன் மாமாதான்.

அவர் நோட்டை எடுத்தார். இருபத்தேழு பேரில் அடித்தது தப்பென்று தெரிந்தவன் எவனாவது உண்டா என்று தேடினார். ஒரே ஒருவன் இருந்தான். சீனத்தின் லெய் கோங். ஒரு பெண் எதையோ வெளியே கொட்டுவதைக் கண்டு, சோற்றை வீணாக்குகிறாள் என்று இடியால் கொன்றான். அவள் கொட்டியது வெறும் உமி. தப்பு தெரிந்ததும் அவளையே தெய்வமாக்கி, கையில் கண்ணாடி கொடுத்து அவன் பக்கத்தில் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அவள் வெளிச்சம் அடித்துக் காட்டிய பிறகுதான் அவன் அடிக்கிறான். முன்பு ஏழாவது கட்டத்தில் "கதை நன்று, நம்பிக்கையில்லை" என்று எழுதியிருந்தார். இப்போது அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார் என்று லீலாபாய் மாமி பிறகு என்னிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கூட்டம் கலையுமுன் அவர் அந்தக் கம்பியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றார். ரத்னபாய் மாமி இருந்தார், ரெஜி சாலையோரம் பைக்கில் இருந்தான், நானும் இருந்தேன்.

"சௌதாமினி வீட்டுல இடி ஏறுனது இந்தக் கம்பி வழியாக்கும். இது ஸ்டே கம்பி. ஆபீசுலேந்து நான் கேக்காம எடுத்தது. கெட்டிக் குடுத்ததும் நான்தான். வளையலுக்கும் இடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆப்பிரிக்காக் கதைய நான் சும்மா பெருமைக்குச் சொன்னேன்."

முன்னால் நின்றவர்கள் கம்பியை எட்டிப் பார்த்தார்கள். ஜித்தின் மட்டும், "அது இருக்கட்டு, ஆரு பாத்தது?" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ரத்னபாய் மாமி சிரிக்கவில்லை. கம்பியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ராபின்சண்ணே, கல்யாணத்துக்கு முந்தின நாளு எனக்க அடுக்களையில லைட்டு கெட்டித் தர வந்தது நீங்கதானே?"

"ஆமா. நான்தான்."

"அலமாரியில சாச்சுதானே ஏணி வச்சிய?"

"ஆமா."

மாமி வேறொன்றும் கேட்கவில்லை. மூன்று முறை கேட்கக்கூட இல்லை. அன்று மத்தியானம் குழுவில் யாரும் குரல் பதிவு போடவில்லை. ஆனால் அடுத்த வாரம் கமிட்டிக் கூட்டம் இருக்கிறதென்று ராபின்சன் மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை. சாயாக்கடையில் அவர் உட்கார்ந்தால் ரெஜி கல்லாவை இழுத்து மூடினான். பந்தலிலும் கூட்டிலும் மிஞ்சியிருந்த கம்பியை அவர் அவிழ்த்து, ஒரு கடிதத்தோடு மின்சார அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்ட பையன் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விழித்தானாம்.

சௌதாமினியை இரண்டு வீடுகள் திரும்பக் கூப்பிட்டன. ரத்னபாய் மாமி கூப்பிடவில்லை. வளையல் இதுவரை கிடைக்கவில்லை.

போன வாரம் நான் லீலாபாய் மாமியிடம் இஞ்சி வாங்கப் போயிருந்தேன். திண்ணையில் ராபின்சன் மாமாவும் இருந்தார். வேலை முடிந்து வந்த சௌதாமினி பையோடு முற்றத்தின் ஓரத்தில் நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு மக்கா."

"அந்த வளையல நீங்க எடுக்கல்லியே?"

"எடீ!" என்று லீலாபாய் மாமி எழுந்தார். ராபின்சன் மாமா கையைக் காட்டி மனைவியை உட்காரச் சொன்னார்.

"இல்ல. நான் எடுக்கல்ல."

சௌதாமினி அவர் முகத்தையே பார்த்தாள். எத்தனையோ பேரை அப்படிப் பார்த்தவர், கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் கால் செருப்பைப் பார்த்தார். பிறகு அன்று அவள் செய்ததுபோல முற்றத்தில் இறங்கப் போனார்.

"இறங்காண்டாம் அண்ணா, அங்ஙனயே நின்னு சொன்னாப் போதும்," என்றாள் சௌதாமினி. "நான் யோசிச்சுப் பாக்கேன்."

பையைத் தோளில் மாற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.