காட்டெருமைக்கு எந்தத் தோட்டா

கருமத்தம்பட்டியைச் சுற்றி எங்கே தேடினாலும் கீரிப்பிள்ளையை விடப் பெரிய காட்டு விலங்கு கிடையாது. மயில் உண்டு. அதைச் சுட்டால் முருகனும் போலீசும் சேர்ந்தே வருவார்கள். இப்படிப்பட்ட ஊரில்தான் என் பங்காளி பாலுசாமி அண்ணன் பெரிய வேட்டைக்காரராக வாழ்ந்தார். யானை, காட்டெருமை என்று பெரிய உருப்படிகளைப் பற்றி மட்டுமே பேசுவார். முயலைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

பக்கத்து ஊர் மில்காரர் ரைபிள் வாங்கிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக இவரும் வாங்கினார். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ். அப்போது பருத்தி விளைந்துகொண்டிருந்தது. பிறகு பருத்திக் காட்டை நிரவி விசைத்தறி போட்டுவிட்டார். லைசென்ஸ் மட்டும் இல்லாத பயிரைப் பாதுகாத்துக்கொண்டே இருந்தது. முன்னறைக் கண்ணாடி அலமாரியில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி துப்பாக்கியை நிறுத்தி வைத்திருந்தார்.

ஆனால் அவருடைய ஆசை துப்பாக்கி மேல் அல்ல, தோட்டா மேல். பொங்கல் முடிந்ததும் வருஷா வருஷம் கோயமுத்தூருக்குப் போவார், அப்துல் குத்தூஸ் பாயின் துப்பாக்கிக் கடைக்கு. ஒரு தடவை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் தோட்டா பொறுக்குவதைப் பார்த்தால் முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த பெண்வீட்டார் தோற்றுப்போக வேண்டும். ஒரு டப்பாவைத் திறப்பார், ஒவ்வொரு தோட்டாவாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், உள்ளங்கையில் போட்டு எடை பார்ப்பார், அடுத்த டப்பா கேட்பார்.

"பாய், இந்த ஈயம் கொஞ்சம் மங்கலா இருக்குதுங்களே. வேற காட்டுங்க."

"எல்லாம் ஒரே பாக்டரிங்க" என்றார் குத்தூஸ் பாய்.

"பாக்டரி ஒண்ணுதானுங்க. தோட்டா ஒண்ணாயிருமுங்களா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, இது சாஃப்ட் நோஸ். முனையில ஈயம் தெரியுது பாரு. உள்ள போனதும் விரிஞ்சுக்கும். மானுக்கும் பன்னிக்கும் இது போதும். இது சாலிட். முழுக்கச் செம்பு போத்தியிருக்குது. விரியாது. எலும்பத் தொளைச்சுட்டுப் போயிட்டே இருக்கும். காட்டெருமைக்கு இதுதான்."

இரண்டு டீ குடித்த பிறகு ஒரு டப்பாவைத் தேர்ந்தெடுத்தார். கையில் கொண்டு வந்திருந்த போன வருஷத்து டப்பாவை மேஜை மேல் வைத்தார். அதில் ஒரு தோட்டாகூடக் குறையவில்லை. பழசாகிவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்றார். அவர் முன்னால் நடந்ததும் குத்தூஸ் பாய் என் காதருகே வந்தார்.

"உங்க அண்ணன மாதிரி கஸ்டமர் எனக்கு வேற இல்லீங்க. மத்தவங்க சுட்டுப்போட்டு வாங்க வருவாங்க. இவரு மாத்தறதுக்குன்னே வர்றாரு."

எனக்கு அன்றைக்கே விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் ஊரில் ஒரு வார்த்தை விடவில்லை. அவருடைய காட்டெருமைக் கதை அவ்வளவு நன்றாக இருக்கும். எண்பத்திரண்டாம் வருஷம், வால்பாறைக்கு மேலே, பனி விலகாத காலை, ஒரே ஒரு சாலிட் தோட்டா. சொல்லச் சொல்ல எருமை கொழுத்துக்கொண்டே போனது. தொண்ணூறு வாக்கில் அதை இறக்கிக் கொண்டுவர லாரி தேவைப்பட்டது. டீக்கடையில் அந்தக் கதைக்காகவே தறிக்காரர்கள் வேலைக்குத் தாமதமாகப் போனார்கள்.

தொண்ணூற்று நாலில் அவர் மகள் கலாமணிக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சுரேந்தர் பீளமேட்டில் மோட்டார் கம்பெனியில் இன்ஜினியர். அப்பா இல்லாத பையன், தாய்மாமன் ஆறுச்சாமி சொல்வதுதான் முடிவு. தாய்மாமனுக்குச் சர்க்கார் உத்தியோகம் என்று தரகர் சொல்லியிருந்தார். தாலுகா ஆபீஸாக இருக்கும் என்று அண்ணன் தாமாகவே முடிவு செய்துகொண்டார். எந்த இலாகா என்று கேட்டால் மரியாதைக் குறைவாம்! நம் ஆட்களின் மரியாதை சில சமயம் கழுத்தை அறுத்துவிடும்.

பெண் பார்க்க வந்த அன்று நானும் கூட இருந்தேன். கலாமணி காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அதற்கு முன்பு வந்த இரண்டு மாப்பிள்ளைகளை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் அம்மா முத்தாத்தாளின் முகம் மலர்ந்துவிட்டது. காபியைக் கையில் எடுத்த ஆறுச்சாமியின் பார்வை கண்ணாடி அலமாரிக்குப் போனது.

"ஏனுங்க, துப்பாக்கியெல்லாம் வெச்சிருக்கறீங்களாட்ட இருக்குது?"

"சும்மா ஒண்ணு இருக்குதுங்க."

"என்ன தோட்டா போடுவீங்க?"

அண்ணனிடம் எல்லோரும் கதைதான் கேட்பார்கள். தோட்டாவைப் பற்றி அவரை மதித்துக் கேட்ட முதல் மனிதர் இவர்தான். அண்ணன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"மிருகத்தப் பொறுத்துதானுங்க. காட்டெருமைன்னா சாலிட். சாஃப்ட் நோஸ் போட்டா தோள்பட்டை எலும்புல ஒடஞ்சு செதறிப்போயிரும். உசுரு போகாது. திரும்பி வந்து நம்மளக் குத்திப்போடும்."

"நெம்பச் செரிங்க. நீங்க சுட்டிருக்கறீங்களா?"

நான் இருமினேன். முத்தாத்தாள் கதவோரத்தில் வளையலைக் குலுக்கினாள். தனக்குச் சரியான ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அண்ணனுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. பனி, பள்ளத்தாக்கு, ஒரே தோட்டா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஆறுச்சாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எண்பத்திரண்டுலங்களா?"

"ஆமாங்க."

"நான் ஃபாரஸ்ட்டுல ரேஞ்சருங்க. அப்ப அந்தப் பக்கந்தான் டூட்டி."

அண்ணன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எழுபத்திரண்டுலயே சட்டம் வந்துருச்சுங்க" என்றார் ஆறுச்சாமி, குரலை உயர்த்தாமல். "காட்டெருமையச் சுட்டா ஜெயிலு. கேட்டுப்போட்டு நான் பேசாம காபி குடிச்சுட்டுப் போக முடியாதுங்களே. அந்த ஊட்டுல என்ற மருமகனுக்குப் பொண்ணெடுக்கவும் முடியாதுங்க."

சுட்டேன் என்றால் குற்றவாளி. சுடவில்லை என்றால் இத்தனை வருஷத்துப் பெயரும் ஒரே நாளில் போய்விடும். ஊருக்குள் அவருக்கு வேறு என்ன இருந்தது? தறி எல்லோரிடமும் இருந்தது, கார் பாதிப் பேரிடம் இருந்தது. காட்டெருமை இவர் ஒருவரிடம்தான் இருந்தது. அண்ணன் உள்ளறைக் கதவைப் பார்த்தார். அங்கே கலாமணியின் சேலைத் தலைப்பு தெரிந்தது.

"நான் ஒண்ணையுஞ் சுட்டதில்லீங்க" என்றார். "காட்டெருமைய நேர்ல பாத்ததுகூட இல்லீங்க."

ஆறுச்சாமி நம்பவில்லை.

"இத்தனை வெவரமாச் சொன்னவரு சுட்டதில்லைன்னா எப்படிங்க? கேஸுக்குப் பயந்து சொல்றீங்க."

அப்போதுதான் முத்தாத்தாள் வெளியே வந்தாள். "ஏனுங்க, தீவாளிக்குப் பசங்க வெடி வெச்சாலே இவரு காதப் பொத்திட்டு உள்ள போயிருவாருங்க. இந்தத் துப்பாக்கி வெடிச்சு நான் ஒரு நாளுங் கேட்டதில்ல. வேணும்னா எடுத்துப் பாத்துக்குங்க."

ஆறுச்சாமி துப்பாக்கியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை. குழாய் துடைக்கும் கம்பியை உள்ளே விட்டார், அது பாதியில் நின்றது. அழுத்திக் குத்தியதும் மண்ணுருண்டை உருண்டையாக விழுந்தது. குளவிக்கூடு! அண்ணன் வெளியே தேங்காய் எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்தாரே தவிர, உள்ளே ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் தோட்டாவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் குளவி அலமாரி இடுக்கு வழியாகப் போய் வந்து தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தியிருக்கிறது.

ஆறுச்சாமி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நல்லவேளைங்க, சுடாம இருந்தீங்க. சுட்டிருந்தா எருமை தப்பிச்சிருக்கும், அடைச்ச குழாய் வெடிச்சு நீங்க போயிருப்பீங்க. செரி, தட்டு மாத்திக்கலாம் வாங்க."

கலாமணி அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. மகளுக்காக மானத்தை எடுத்துத் தரையில் வைத்த அண்ணன் மேல் எனக்கு முதல் தடவையாக மரியாதை வந்தது.

ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறதே. செய்தி டீக்கடைக்குப் போவதற்குள்ளேயே உருமாறிவிட்டது. ரேஞ்சர் வருவது தெரிந்து முந்தின நாளே குழாயில் மண்ணை அடைத்துவிட்டாராம். பெண்டாட்டியைக்கூட அழகாகப் பழக்கி வைத்திருந்தாராம். ஆபீசர் கண்ணிலேயே மண்ணைத் தூவிய ஆள் என்று அவர் புகழ் சோமனூர் வரைக்கும் போய்விட்டது. அண்ணன் கடை கடையாகப் போய் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் கண்ணடித்தார்கள். நான் சாட்சி சொல்லப் போனேன். பங்காளியை யாராவது காட்டிக் கொடுப்பார்களா என்று என்னையும் சேர்த்துச் சிரித்தார்கள்.

அண்ணனுக்கு ஒரே ஆறுதல், தம் சம்பந்தி ஆறுச்சாமி நம்புகிறாரே என்பதுதான். உலகத்தில் ஒரு மனிதருக்காவது என்னை உள்ளபடி தெரியும் தம்பி என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார்.

ஆவணியில் கல்யாணம், அவினாசி ரோட்டு மண்டபத்தில். தாலி கட்டி முடிந்தது. மேளம் ஓய்ந்ததும் ஆறுச்சாமி அண்ணனின் தோளில் கை போட்டுத் தூண் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். நான் பன்னீர்ச் செம்போடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"சம்பந்தி, இப்ப நாம ஒரே குடும்பம். கேஸு கீஸெல்லாம் இல்லீங்க. ஊரே பேசிக்குது" என்று குரலைத் தணித்துக்கொண்டார். "என்றகிட்ட மட்டும் சொல்லுங்க. சுட்டீங்கதானே?"



"இல்லீங்க" என்றார் அண்ணன்.

"பெரிய ஆளுங்க நீங்க!" என்று அவர் முதுகில் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே ஆறுச்சாமி பந்திக்குப் போனார். பாலுசாமி அண்ணன் வெகுநேரம் அந்தத் தூண் ஓரத்திலேயே நின்றார். நான் சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.