தறிக்குழிக்குள் ஒரு பேடு

கோழிக்குக் கோபம் வந்தால் கொண்டையில் தெரியும் என்பார் என் மாமி. எங்கள் வீட்டுக் கிழட்டுப் பேட்டுக்குக் கோபம் வந்தால் அது என் கால் பெருவிரலில்தான் தெரிந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. மருதமுனையில் நான் மாப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்த வீடு அது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. ஆண்தான் உடுப்புப் பெட்டியோடு வந்து இறங்குவான். நான் பெட்டியோடு தறியையும் கொண்டுவந்தேன். வீட்டு வளவுக்குள் தென்னங்கிடுகால் ஒரு கொட்டில் போட்டு, குழி தோண்டி, தறியைப் பூட்டினேன். நெய்கிறவன் குழிக்குள் காலைத் தொங்கப் போட்டுத்தான் மிதிபலகையை மிதிக்க வேண்டும். குழியின் அடியில் நல்ல குளிர்ச்சி, நல்ல இருட்டு, போதாததற்கு அறுந்த நூலெல்லாம் சேர்ந்து ஒரு மெத்தை. அடை கிடக்கிற கோழிக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தப் பேடு என் மனைவி குஞ்சிலிருந்து வளர்த்தது. வயது போய்விட்டது. முட்டை இடுவதை மறந்துவிட்டது, அடை கிடப்பதை மட்டும் மறக்கவில்லை. முட்டை இருந்தாலும் கிடக்கும், இல்லாவிட்டாலும் கிடக்கும். ஒருமுறை நான் தறிக்கு வாங்கி வைத்திருந்த நூல் உருண்டைகளின் மேல் ஏறிக் கிடந்தது. நான் குழிக்குள் காலை வைத்தால் கொத்தும். தூக்கி வெளியே விட்டால், நான் நாடாவை இரண்டு தரம் ஓட்டுவதற்குள் திரும்பி வந்துவிடும்.

மாமி என்னோடு நேராகக் கதைக்க மாட்டார். மருமகனுக்கு முன்னால் வாய் திறப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்த தலைமுறை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் கோழிக்குச் சொல்லுவார்.

"கேட்டியா கிழவி, மனிசர் உழைக்கிற இடத்தில குந்திக்கிட்டு இரிக்காய். கொஞ்சம் கிணத்தடிக்குப் பெய்த்துத் தலையை நனைச்சா உனக்குப் புத்தி வரும்."

அதாவது, கோழியைக் கொண்டுபோய்த் தண்ணீரில் முக்கு என்று எனக்கு உத்தரவு. முக்கினேன். கரப்புக் கூடைக்குள் போட்டுக் கவிழ்த்தேன். மூக்கில் இறகு செருகினேன். காலில் சிவப்புத் துணி கட்டினேன். கோழி துணியையும் இறகையும் அணிந்துகொண்டு, புதுப்பெண் மாதிரி மறுபடியும் குழிக்குள் இறங்கியது.

இந்தக் கூத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்து வளவு ராத்தா; என் மனைவிக்கு மூத்த அக்கா மாதிரி. ஊரில் எந்தக் கறி கொதித்தாலும் அவருக்கு மணம் போய்விடும். ஒரு காலையில் என் மனைவி முற்றம் கூட்டிக்கொண்டு நிற்க, வேலிக்கு மேலால் கேட்டார்.

"என்ன புள்ள, அடை கலைஞ்சித்தா?"

என் மனைவி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் நாயைக் கலைக்கிறோம், காகத்தைக் கலைக்கிறோம், கோழியின் அடையையும் கலைக்கிறோம். வயிற்றில் தங்கியது நிற்காமல் போனாலும் அதே சொல்தான். போன வருடம் எங்களுக்கு அப்படி ஆகியிருந்தது, மூன்றாம் மாதத்தில். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை வீட்டுக்குள் யாரும் சொல்வதில்லை. இப்போது மறுபடியும் அவளுக்கு மூன்றாம் மாதம். விஷயம் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். வெளியில் சொன்னால் இதுவும் நிற்காது என்று அவளுக்கு ஒரு பயம்.

நான் உள்ளே போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். வாசலுக்கு வெளியே கோழி நனைந்த இறகோடு குழிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இஞ்சப் பாருங்க," என்றாள். "அதை இனி முக்காதங்க. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

ஓம் என்றேன்.

அதன் பிறகு நான் அடுத்த தெருவில் ஒரு மச்சானின் தறியில் கூலிக்குச் சாரன் நெய்யப் போனேன். அங்கே எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது: கோழி கலைச்ச மாப்பிள்ளை. வேறு பகிடியென்றால் வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பேன். இதை மட்டும் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் போனதும் என் மனைவி அடுத்த கதையைத் தொடங்கினாள். வெறும் நூலின் மேல் கிடந்து அந்தப் பேடு இளைத்துப்போகிறதாம். முட்டை வைக்க வேணுமாம். மாமி அன்று முழுவதும் கோழியிடம் கூடக் கதைக்கவில்லை. பின்னேரம் குழிக்கு மேல் குனிந்து மெல்லிய குரலில் சொன்னார்.

"உனக்கு வயசு பெய்த்து கிழவி. முட்டையை வெச்சி, பாதியில நீ எழும்பிட்டா, அதுக்குப் பிறகு இந்த வீட்டில ஆரு எழும்புற?"

அது கோழிக்கும் இல்லை, எனக்கும் இல்லை. உள்ளே இருந்தவளுக்கு. ஆனாலும் அவள் கேட்கவில்லை.

சாய்ந்தமருதில் என் உம்மா வீட்டில் நல்ல சேவல் நின்றது. முட்டை எடுக்கப் போனேன். என்னத்துக்கு என்று உம்மா கேட்டார், கோழிக்கு என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல், ஒவ்வொரு முட்டையாக வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒற்றைப்படை எண்ணிக்கையில் தெரிந்தெடுத்து, உமிக்குள் வைத்துத் தந்தார். பஸ்ஸில் ஏறினால் குலுங்கும் என்று கடற்கரை மணலால் நடந்தே வந்தேன். மாமி பிஸ்மில் சொல்லி முட்டைகளைப் பேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இடிக்குக் காவலாக ஒரு கரித்துண்டும் ஆணியும் பக்கத்தில் போட்டார். கிழவி ஒவ்வொரு முட்டையையும் அலகால் உள்ளே இழுத்துக்கொண்டது.

மாரிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எங்கள் ஊர் மணல் ஊர். பெரிய மழை விழுந்தால் மேலால் வருகிற தண்ணீரை விட நிலத்துக்குள்ளால் ஊறி வருவதுதான் கூடுதல். ஒரு நாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு மச்சானின் தறியில் உட்கார்ந்தவன், மழை பிடித்த வேகத்தைப் பார்த்ததும் எழுந்து ஓடினேன்.

கொட்டிலுக்குள் என் மனைவி குழியின் விளிம்பில் முழங்காலில் நின்றாள். இறங்கப் பார்க்கிறாள்; மாமி அவளுடைய தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். குழியின் ஒரு மூலையில் தண்ணீர் மினுங்கியது. கூடு இருந்த நூல் மெத்தையின் ஓரம் நனையத் தொடங்கிவிட்டது. பேடு அசையவில்லை.

மாமி முதன்முதலாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். "மருமகன், நீங்க இறங்குங்க. முட்டையை முதல்ல தாங்க. கோழி மறுகா."

இறங்கினேன். கையெல்லாம் கொத்து. முட்டைகள் சுடச்சுட இருந்தன. ஒவ்வொன்றாக மேலே நீட்ட, மாமி உமி போட்ட ஓலைக் கடகத்தில் அடுக்கினார். கடைசியாகக் கோழியைத் தூக்கி அதன் மேல் வைத்தேன்.

அது உட்காரவில்லை. முட்டைகளுக்கு மேல் நின்று, கழுத்தை நீட்டி, எங்கள் மூன்று பேரையும் பார்த்தது. இடம் மாறினால் எந்த அடைக்கோழியும் எழும்பிப் போய்விடும் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். என் மனைவி இரண்டு கையாலும் தன் வயிற்றைப் பிடித்திருந்தாள்.

பிறகு அது ஒரு முட்டையை அலகால் புரட்டியது. இறகை விரித்து, ஆற அமர இறங்கி உட்கார்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மாமி. "உன்ட பிடிவாதம் நல்லா இரிக்கட்டும்."

குஞ்சுகள் பொரித்தன. எல்லாம் இல்லை. இரண்டு கூழ்முட்டையாகப் போயிருந்தன. நானும் மாமியும் அவற்றை ஒளித்துவிடலாம் என்று ஆளுக்காள் கண் காட்டிக்கொண்டிருந்தோம். என் மனைவி வந்து, இரண்டையும் தானே எடுத்துக்கொண்டு போய், தென்னைக்கடியில் புதைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

"வெச்சதெல்லாம் பொரிக்கணும் எண்டு ஆரு சொன்ன?" என்றாள். "பொரிச்சதைப் பாப்பம்."

குஞ்சுச் சத்தம் கேட்டு ராத்தா வேலியைச் சுற்றிக் கடப்படி வாசலால் வந்தார். அவர் குஞ்சுகளை எண்ணி முடிப்பதற்குள் என் மனைவி சொல்லிவிட்டாள். "ராத்தா, எனக்கும் நாலு மாசம்."

"தெரியும் புள்ள," என்றார் ராத்தா. "நீ என்ட மரத்துப் புளியங்காய்க்கு வேலியால கை நீட்டக்குள்ளயே தெரியும். நீயாச் சொல்லும் மட்டும் வாயைப் பொத்திக்கிட்டு இரிந்தன் பாரு, அதுதான் எனக்குப் பெரிய பாடு."

என் மனைவி சிரித்த சிரிப்பில் குஞ்சுகள் தாயின் இறகுக்குள் ஓடின. நான் வாளியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, தேங்கி நின்ற தண்ணீரை இறைக்கத் தொடங்கினேன். பாதிக் குழி வற்றுவதற்குள், மேலே அவர்கள் பிள்ளைக்குப் பேர் வைக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள்.